தாமதமாகப் பதில் சொல்லும் வண்டி: ஒரு லாரி மாணவரின் இரண்டு தேர்வுகள்

தேர்வு தொடங்கி ஒன்பதாவது நிமிடம். இடப்பக்கம் ஒரு குறுகிய திருப்பம். லாரியின் முகப்பு அழகாகத் திரும்பிப் புதுச் சாலைக்குள் போய்விட்டது. ஓட்டியவர் மூச்சு விட்டார், ஸ்டியரிங்கை நேர் பண்ணத் தொடங்கினார். அப்போதுதான் பின்னால் 'தடக்' என்று சத்தம். இடது பின் சக்கரம் நடைபாதை ஓரக்கல் மேல் ஏறி இறங்கியிருந்தது. தேர்வாளர் ஒன்றும் பேசவில்லை. மடியிலிருந்த தாளில் ஒரு கோடு போட்டார்.

நான் அந்த வண்டியில் இல்லை. ஓட்டியவர் சொன்னதையும் பிறகு கைக்கு வந்த மதிப்பெண் தாளையும் வைத்து எழுதுகிறேன். அவருக்குப் பயிற்சி கொடுத்தவன் நான். ஆகவே இது அவருடைய தோல்வியைப் பற்றிய ஆய்வு மட்டுமல்ல. நான் எதைக் கவனிக்காமல் விட்டேன் என்பதும் இதில் உண்டு. நாங்கள் ஓட்டியது சாலையின் இடப்பக்கம். வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் இருப்பவர்கள் இடம் வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

மாணவரும் வண்டியும்

மாணவருக்கு 34 வயது. 11 வருடம் கார் ஓட்டியவர், அதில் கடைசி 3 வருடம் சரக்கு வேனும் சேர்த்து. ஒரு விபத்துகூட இல்லை. என்னை 'மாஸ்டர்' என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். லாரி லைசென்ஸ் எடுத்தால் வேலையில் அடுத்த படிக்குப் போகலாம் என்பதற்காக வந்தார். சும்மா ஆசைக்கு வந்தவர் இல்லை.

வண்டி இரண்டு அச்சு கொண்ட சாதாரண லாரி. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஜோடி ஜோடியாக நான்கு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 5.6 மீட்டர். பின் அச்சுக்குப் பின்னால் இன்னும் 2.8 மீட்டர் உடல் நீண்டிருக்கும். அகலம் இரண்டரை மீட்டர். முன்பக்கம் தட்டையான கேபின், அதாவது ஓட்டுநர் உட்காருவது முன் சக்கரத்துக்கும் முன்னால். இந்த அளவுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் 16 மணி நேரப் பயிற்சியில் அவர் என்னை அசத்தினார். கியர் போடுவதில் தடுமாற்றமே இல்லை. சாலையில் மற்ற வண்டிகளைப் படிக்கும் கண் ஏற்கெனவே இருந்தது. சிக்னல், வேகம், இடைவெளி எல்லாம் சரி. இரண்டாவது வாரத்திலேயே 'தம்பி தேறிடுவான்' என்று முடிவு கட்டிவிட்டேன். இப்போது யோசித்தால் அங்கேதான் நான் பிசகினேன். புதிதாக ஸ்டியரிங் பிடிப்பவரின் தவறு உடனே தெரிந்துவிடும். நன்றாக ஓட்டத் தெரிந்தவரின் தவறு அவருடைய திறமைக்குள் ஒளிந்திருக்கும்.

தாளில் இருந்தது

ஓரக்கல்லில் ஏறியது ஒன்று. அதற்குப் பிறகு இரண்டு இடத்தில் கண்ணாடி பார்க்காமல் பாதை மாறியது. ஒரு ரவுண்டானாவில் பிரேக்கை ஓங்கி மிதித்து வண்டியைக் குலுக்கியது. சாலை ஓட்டம் முடிந்து மைதானத்துக்கு வந்ததும் ரிவர்ஸ்: கட்டத்துக்குள் பின்னோக்கி விட வேண்டும். அனுமதித்த தடவைக்கு மேல் முன்னே பின்னே எடுத்தார், கடைசியில் எல்லை காட்ட வலது மூலையில் வைத்திருந்த கூம்பையும் (கோன்) தொட்டுவிட்டார்.

திரும்பி வந்தவர் கேபின் படியில் உட்கார்ந்து, "கை நடுங்கிருச்சு மாஸ்டர்" என்றார். நானும் "பதற்றம்தான், விடு" என்றேன். இருவருக்கும் அந்தக் காரணம் பிடித்திருந்தது. பதற்றம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் எதையும் தேட வேண்டியதில்லை. அவர் பதறியது உண்மை. ஆனால் அவர் பதறியது ஓரக்கல்லில் ஏறிய பிறகு. ஏறுவதற்கு முன்னால் நிதானமாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வரிசையை நான் அன்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மூன்று வகுப்புகளை வீணடித்தேன். திரும்பத் திரும்ப ரிவர்ஸ். மூன்றாம் வகுப்பின் முடிவில் எட்டுத் தடவை தொடர்ந்து கட்டத்துக்குள் கச்சிதமாக விட்டார். எனக்குத் திருப்தி. மறுநாள் மைதானத்தின் பாதியை வேறு மாணவர்கள் எடுத்துக்கொண்டதால் எங்கள் கோன்களை எதிர் மூலைக்கு மாற்றி வைத்தேன். அதே கட்டம், அதே அளவு. அவரால் ஒரு தடவைகூட விட முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி தேடுற?"

"அந்த லைட் கம்பம், மாஸ்டர். கம்பம் கண்ணாடி நடுவுக்கு வந்ததும் ஒன்றரைச் சுற்று ஒடிப்பேன்."

எட்டுத் தடவையும் அவர் கம்பத்தைத்தான் ஓட்டியிருக்கிறார், லாரியை இல்லை. தேர்வு நடக்கும் மைதானத்தில் அந்தக் கம்பம் கிடையாது.

கண்ணைப் பார்த்தது

அன்றைக்கு வகுப்பை நிறுத்திவிட்டு யோசித்தேன். பயிற்சியின்போது நான் எதைப் பார்க்கிறேன்? சாலையை, கண்ணாடியை, அவருடைய கையை, காலை. அவருடைய கண்ணைப் பார்ப்பதே இல்லை. அடுத்த வகுப்பில் அவர் சம்மதத்தோடு போனை டேஷ்போர்டில் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திப் பதிவு செய்தோம். ஆறு இடது திருப்பங்கள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு இருவரும் உட்கார்ந்து பார்த்தோம்.

ஆறிலும் திருப்பத்துக்கு முன்னால் இடது கண்ணாடியைச் சரியாகப் பார்த்திருந்தார். பாடப் புத்தகம் சொல்வதுபோலவே. ஆனால் ஸ்டியரிங்கை ஒடிக்கத் தொடங்கிய நொடியிலிருந்து திருப்பம் முடியும் வரை இடது கண்ணாடிப் பக்கம் கண் ஒருதடவைகூடப் போகவில்லை. ஆறிலும். வண்டியின் முகப்பு எங்கே போகிறதோ அங்கேயே கண் நின்றது.

அவர் வீடியோவை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "நான் பார்க்கிறேன்னுதான் நினைச்சேன்" என்றார். அந்தக் குரல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கார் ஓட்டுபவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. காரில் அது போதும். ஏன் போதும் என்பதையும் லாரியில் ஏன் போதாது என்பதையும் கொஞ்சம் கணக்கோடு பார்க்க வேண்டும்.

திரும்பும் வண்டியின் எல்லாச் சக்கரங்களும் ஒரே மையத்தைச் சுற்ற வேண்டும். அதற்கான முன் சக்கர அமைப்பு, மோட்டார் வருவதற்கு முன்பே குதிரை வண்டிகளுக்காக யோசிக்கப்பட்டது. மியூனிக்கைச் சேர்ந்த லாங்கென்ஸ்பெர்கர் என்ற வண்டி செய்பவர் கண்டுபிடித்தார், அவர் சார்பில் ருடால்ஃப் ஆக்கர்மன் 1818-இல் லண்டனில் காப்புரிமை பதிவு செய்தார். இன்றைக்கும் அதை ஆக்கர்மன் அமைப்பு என்றே சொல்கிறார்கள். பின் அச்சு திரும்பாது என்பதால் அந்த மையம் எப்போதும் பின் அச்சை நீட்டிப் போட்ட கோட்டின் மேலேயே இருக்கும். அதனால் பின் சக்கரம் முன் சக்கரத்தைவிடச் சின்ன வட்டம் போடும். எவ்வளவு சின்னது என்பது இரண்டு அச்சுக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது.

முன் அச்சின் நடுப்பகுதி 12 மீட்டர் ஆரத்தில் வட்டம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அச்சு இடைவெளி 2.5 மீட்டர் உள்ள காரில் பின் அச்சு ஏறக்குறைய 26 சென்டிமீட்டர் உள்ளே வெட்டும். ஒரு சாண் தூரத்துக்குக் கொஞ்சம் மேல். 5.6 மீட்டர் உள்ள எங்கள் லாரியில் அதே வட்டத்துக்குப் பின் அச்சு 1.4 மீட்டர் உள்ளே வெட்டும். நான்கு முனைச் சந்திப்பில் கால் வட்டம்தான் போடுகிறோம் என்பதால் இதைவிடக் குறையும், ஆனாலும் ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்குக் குறையாது.

தூரம் போகட்டும், நேரத்தைப் பாருங்கள். மணிக்கு 8 கிலோமீட்டரில் திரும்பும்போது முன் சக்கரம் கடந்த இடத்துக்குப் பின் சக்கரம் வர இரண்டரை விநாடி ஆகும். அந்த இரண்டரை விநாடிக்குள் என் மாணவரின் கண் அடுத்த சாலையில் 50 மீட்டர் தள்ளிப் போயிருந்தது. வேலை முடிந்தது என்று மனசு சொல்லிவிட்ட பிறகுதான் வண்டியின் பின்பாதி திருப்பத்துக்கே வருகிறது.

இதைப் புரிந்துகொண்டதும் தாளில் இருந்த மற்ற பிழைகளும் ஒரே கயிற்றில் வந்து கோத்துக்கொண்டன. ரவுண்டானாவில் குலுக்கிய பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். காரில் பிரேக்கை இயக்குவது எண்ணெய். எண்ணெய் அமுங்காது, மிதித்ததும் பிடிக்கும். லாரியில் காற்று. மிதித்தால் வால்வு திறந்து, காற்று குழாயில் ஓடி, சக்கரத்துக்குப் பக்கத்திலுள்ள அறையை நிரப்பி, அழுத்தம் ஏறி, அப்புறம்தான் பிடிக்கும். அதற்கு அரை விநாடி என்று வைத்தால்கூட, 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 8 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். என் மாணவர் மிதித்தார், பிடித்தது தெரியவில்லை, இன்னும் அழுத்தினார். இரண்டு மிதிக்கும் சேர்த்துப் பதில் ஒரே நேரத்தில் வந்தது. வண்டி குலுங்கியது. ரிவர்ஸிலும் இதே கதைதான். ஸ்டியரிங்கை ஒடித்ததும் பின்பக்கம் திரும்பவில்லையே என்று இன்னும் ஒடிப்பார், அது திரும்பத் தொடங்கும்போது அளவுக்கு மேல் ஒடித்திருப்பார்.

லாரி தாமதமாகப் பதில் சொல்கிற வண்டி. அவர் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் நோய். பதற்றம் அதன் பின்விளைவு.

தண்ணீர்த் தடம்

இதை வாயால் சொன்னால் தலையாட்டுவார், அடுத்த திருப்பத்தில் பழைய கண்ணே திரும்பிவிடும். அதனால் ஸ்டியரிங்கை நான் வாங்கிக்கொண்டு அவரை இறக்கிவிட்டேன்.

காய்ந்த சிமென்ட் தரை. திருப்பம் போல் கோன் வைத்து, அதற்கு முன்னால் நான்கு வாளித் தண்ணீரைக் கொட்டித் தேங்க வைத்தோம். அவரைத் திருப்பத்தின் உள்மூலையிலிருந்து ஐந்தடி தள்ளி நிற்கச் சொன்னேன். நான் தண்ணீருக்குள் ஓட்டி மெதுவாக இடப்பக்கம் ஒடித்தேன். முன் டயர் ஈரமான தடம் போட்டபடி கோனுக்கு வெளியே நன்றாகத் தள்ளிப் போனது. அவர் முகத்தில் ஒன்றுமில்லை. பிறகு பின் ஜோடி டயர் வந்தது. முதலில் முன் தடத்தின் மேலேயே வந்தது, பிறகு தடத்தைவிட்டு உள்ளே நழுவியது, இன்னும் நழுவியது, கோனைப் படுக்க வைத்து அதன் மேல் ஏறி நின்றது. நான் பிரேக் போட்டு இறங்கினேன். அவர் இரண்டடி பின்வாங்கியிருந்தார்.

தரையில் இரண்டு வளைவுகள், வெயிலில் ஓரம் காயத் தொடங்கியிருந்தன. அவரே காலால் அடி வைத்து அளந்தார். மிக அகலமான இடத்தில் மூன்றரை அடி. பேசாமல் நின்றுவிட்டு, "இங்க ஒரு ஆள் நின்னிருந்தா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

அன்று முதல் அவருக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தேன்: திருப்பத்தில் பேசிக்கொண்டே ஓட்ட வேண்டும். "முன்னே... கண்ணாடி, சக்கரம் தெரியுது, ஓரக்கல் தெரியுது, நடுவுல இடம் இருக்கு... முன்னே... கண்ணாடி, இடம் குறையுது... முன்னே... கண்ணாடி, சக்கரம் தாண்டிருச்சு." சக்கரம் தாண்டிவிட்டது என்று வாயால் சொல்லாமல் ஸ்டியரிங்கை நேர் பண்ணக் கூடாது. இதுதான் விதி. இரண்டு வகுப்பு வரை குரல் தடுமாறியது. மூன்றாவதில் சொல்வதற்கு முன்பே கண் போய்விட்டு வந்தது.

இடம் எடுப்பது பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலரும் இதைத் தப்பாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இடது திருப்பத்துக்கு முன்னால் வலப்பக்கம் அகலமாக ஒதுங்கிக்கொண்டு பிறகு ஒடிப்பது சுலபமாகத் தோன்றும். அப்படி ஒதுங்கினால் இடப்பக்கம் ஒரு வண்டி நுழையும் அளவுக்கு வாசல் திறக்கிறது. பின்னால் வருகிற சைக்கிள்காரர் லாரி வலப்பக்கம் போகிறது என்று நினைத்து அதற்குள் வருவார். முடிந்தவரை சொந்தப் பாதையிலேயே நின்று, நேரே ஆழமாக உள்ளே போய், தாமதமாக ஒடிப்பதே நல்லது. அகலம் போதாத இடத்தில் ஒதுங்கத்தான் வேண்டும் என்றால், ஒதுங்கும்போதும் ஒடிக்கும்போதும் இடது கண்ணாடியை விடவே கூடாது.

அவருக்கு இது வெறும் வாய்ப்பேச்சாக நிற்கவில்லை. ஐந்தாவது வகுப்பில், ஒரு திருப்பத்தின் நடுவில், "கண்ணாடி..." என்று சொன்னவர் அடுத்த வார்த்தையைச் சொல்லாமல் பிரேக்கை மிதித்தார். இடது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் பள்ளிப் பையோடு ஒரு பையன் சைக்கிளில். நாங்கள் திருப்பத்தைத் தொடங்கியபோது அவன் அங்கே இல்லை. பையன் எங்களைப் பார்க்கவே இல்லை, வளைந்து போய்விட்டான். மாணவர் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி இருந்தார். தேர்வு என்ற வார்த்தையை அதற்குப் பிறகு அவர் அதிகம் சொல்லவில்லை. கற்றுக்கொள்வது எதற்காக என்பது அவருக்குள் இடம் மாறிவிட்டது.

வண்டியைச் சுற்றி

அந்தப் பையனுக்குப் பிறகு ஒரு வகுப்பு முழுவதும் வண்டி நகரவே இல்லை. அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, வண்டியைச் சுற்றிப் பத்துக் கோன்களை வைத்தேன். தலையைத் திருப்பியும் எல்லாக் கண்ணாடியிலும் பார்த்தும் எத்தனை தெரிகிறது என்று கேட்டேன். முதலில் நான்கு சொன்னார். இருக்கையில் முன்னால் சாய்ந்து எட்டிப் பார்த்த பிறகு ஏழு. கேபினுக்கு நேர் முன்னால் பம்பரை ஒட்டி ஒன்று, இடது கதவுக்குக் கீழே ஒன்று, வண்டியின் பின்புறம் ஒன்று, இவை அப்போதும் தெரியவில்லை. பம்பர் பகுதியைக் காட்டும் சின்னக் கண்ணாடியும் கதவின் மேலுள்ள சின்னக் கண்ணாடியும் அவர் உயரத்துக்குச் சரி செய்யப்படாமல் இருந்தன. சரி செய்தவுடன் முதல் இரண்டும் வந்துவிட்டன. பின்புறத்தது எந்தக் கண்ணாடிக்கும் வராது.

16 மணி நேரம் அவர் வேறொருவர் உயரத்துக்கு வைத்த கண்ணாடியோடு ஓட்டியிருக்கிறார். பெரிய கண்ணாடிகளை மட்டும் சரி செய்துவிட்டுச் சின்னவற்றை விட்டிருக்கிறார். நானும் பார்க்கவில்லை. இதை எழுதவே சங்கடமாக இருக்கிறது.

ரிவர்ஸ், மறுபடியும் முதலிலிருந்து

கம்பத்தை மறக்க வைக்க ஒரே வழி, ஒவ்வொரு தடவையும் கட்டத்தை வேறு இடத்தில் வைப்பது. ஒரு நாள் சாய்வாக, ஒரு நாள் வலப்பக்கம், ஒரு நாள் வெயில் கண்ணாடியில் அடிக்கும் திசையில். ரிவர்ஸ் எடுப்பதற்கு முன் இறங்கி, பின் சக்கரம் போக வேண்டிய வழியை நடந்து பார்ப்பார். எங்கே திரும்பத் தொடங்க வேண்டும் என்று தரையைப் பார்த்து முடிவு செய்வார், கம்பத்தைப் பார்த்து இல்லை.

அப்புறம் கை. கால் சுற்று ஒடி, பொறு, பின்பக்கம் என்ன சொல்கிறது என்று பார், அதன் பிறகு கூட்டு அல்லது குறை. நகரும் வேகம் நடப்பதைவிடக் குறைவு. அந்த வேகத்தில் கால் சுற்றுத் தவறைத் திருத்த நேரம் இருக்கும், ஒன்றரைச் சுற்றுத் தவறை முன்னே எடுத்தால்தான் திருத்த முடியும். தேர்வில் எத்தனை தடவை முன்னே எடுக்கலாம், இறங்கிப் பார்க்கலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும். அதைத் தேர்வு நடத்தும் அலுவலகத்தின் விதியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும், நண்பர் சொன்னதை நம்பக் கூடாது.

வலது மூலைக் கோனைத் தொட்டது ஏன் என்பதும் தெளிந்தது. ரிவர்ஸில் பின்பக்கம் இடது போகும்போது முகப்பு வலது வீசும். அவர் இடது கண்ணாடியிலேயே மூழ்கியிருந்தார். முன்னோக்கிப் போகும்போது இதற்கு நேர்மாறு: முழுதாக ஒடித்தால் எங்கள் வண்டியின் பின் மூலை எதிர்ப்பக்கம் அரை மீட்டருக்கு மேல் வீசும். நிறுத்திய வண்டிகளுக்கு நடுவிலிருந்து கிளம்பும் லாரி பக்கத்து வண்டியின் விளக்கை உடைப்பது இப்படித்தான்.

காற்று

பிரேக்குக்கு நான் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று: மிதி, பிடிக்கும் வரை பொறு, பிடித்த பிறகு காலை வைத்துக் கூட்டு, நிற்பதற்குச் சற்று முன் லேசாக விடு. முன்னால் ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீர் வைத்து, அது விழாமல் நிறுத்தச் சொன்னேன். இரண்டு நாளில் வந்துவிட்டது.

ஆனால் காலி வண்டியில் கற்ற பிரேக் பாரம் ஏற்றிய வண்டிக்குப் போதாது. அதனால் இரண்டு வகுப்புக்குத் தண்ணீர்த் தொட்டிகளை ஏற்றி நிரப்பி ஓட்டினோம். நிற்கும் தூரம் கூடுவதை அவர் இடுப்பில் உணர்ந்தார். தொட்டிகளைப் பாதி நிரப்பியபோது வேறொன்றையும் கண்டார்: வண்டி நின்ற பிறகும் உள்ளிருக்கும் தண்ணீர் முன்னால் வந்து மோதி வண்டியைத் தள்ளியது. இறக்கத்தில் கால் பிரேக்கிலேயே தொங்கக் கூடாது, இறங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து எஞ்சினை வேலை செய்ய விட வேண்டும் என்பதும் பாரத்தோடுதான் மண்டையில் ஏறியது. தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறி பிடிமானம் குறைந்துவிடும், கடைசித் திருப்பத்தில் கால் பலகையைத் தொடும்போது ஒன்றும் இருக்காது.

வண்டிச் சோதனைக் கேள்விகளை அவர் மனப்பாடமாக ஒப்பிப்பார். டயர், நட்டு, விளக்கு, எண்ணெய், காற்று. அதையும் மாற்றினேன். வகுப்புக்கு முன் வண்டியில் ஏதாவது ஒரு குறையை வைத்துவிட்டு, கண்டுபிடிக்கச் சொன்னேன். முதல் நாள் ஜோடி டயருக்கு நடுவில் ஒரு கல். வெளி டயரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டார். அந்தக் கல் ஓடும்போது தெறித்தால் பின்னால் வருபவரின் கண்ணாடிக்கு என்ன ஆகும் என்று நின்று யோசித்தார். அடுத்த நாள் டயர்களைக் கம்பியால் தட்டிப் பார்த்தார், உள் டயரின் சத்தம் மந்தமாக இருப்பதைக் காது சொன்னது. தட்டுவது காற்று இறங்கியதைக் காட்டும், எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டாது, அதற்கு அளவுமானிதான். நட்டுகளைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் அது தளர்ந்திருக்கக்கூடும் என்பதையும் இப்படித்தான் கற்றார்.

காற்று அழுத்தத்தை மட்டும் நான் ஒளித்து வைக்கவில்லை, நேராகக் காட்டினேன். எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்கச் சொன்னேன். ஒவ்வொரு மிதிக்கும் 'புஸ்ஸ்' என்று காற்று போக, அழுத்தமானியின் முள் 8 பாரிலிருந்து (பார் என்பது காற்றழுத்த அலகு) இறங்கியது. 5 பாருக்குக் கீழே வந்ததும் பஸ்ஸர் அலறியது. மிதித்துக்கொண்டே போனால் கடைசியில் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். காற்று போனால் பிரேக்கும் போய்விடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். நிறுத்தும் பிரேக்கைப் பிடிப்பது ஸ்பிரிங், காற்று அதை விடுவிக்கத்தான் என்பது அவருக்குப் புதுச் செய்தி. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் ரயிலுக்குக் காற்று பிரேக் காப்புரிமை எடுத்தபோது இந்தப் பாதுகாப்பு அதில் இல்லை. காற்று போனால் வண்டி தானாக நிற்க வேண்டும் என்பதை அவர் 1872-இல் கொண்டுவந்தார். லாரியில் ஸ்பிரிங் அந்த வேலையைச் செய்கிறது.

ஒன்பதாவது நிமிடத்துக்குப் பிறகு

இன்னொன்று பாக்கியிருந்தது. முதல் தேர்வில் ஓரக்கல் ஒன்பதாவது நிமிடத்தில். மற்ற பிழைகள் எல்லாம் அதற்குப் பிறகு. அந்தத் 'தடக்' அவர் மனத்தில் கடைசிவரை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

மாதிரித் தேர்வுகளில் நான் நடுவில் சும்மாவே ஒரு கோடு போடுவேன். "இது போச்சு, தொடர்ந்து ஓட்டு" என்பேன். முதல் தடவை அவர் கை உடனே இறுகியது, அடுத்த சந்திப்பில் கண்ணாடியை விட்டார். நான்காவது தடவை, "சரி மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு அடுத்த கண்ணாடிக்குப் போனார். தவறு நடந்துவிட்டால் அதை வாயால் ஒருமுறை சொல், அப்புறம் அடுத்த அபாயத்தின் பெயரைச் சொல். அந்த அளவுக்குத்தான் பழக்கினோம். மூச்சுப் பயிற்சி, தியானம் எதையும் நான் சேர்க்கவில்லை. அவருக்குத் தேவை கண்ணுக்கு ஒரு வேலை.

வகுப்பு நீளத்தையும் குறைத்தேன். முன்பு நான்கு மணி நேரம் ஒரே மூச்சில் ஓட்டுவோம். மூன்றாவது மணியில் அவர் கண் மங்குவது வீடியோவிலேயே தெரிந்தது. ஒன்றரை மணி நேரமாக்கி, வகுப்புகளுக்கு நடுவே நாள் இடைவெளி விட்டோம். அப்படி மாற்றிய பிறகு இரண்டாவது தேர்வு வரை 14 மணி நேரம்தான். முதல் தேர்வுக்கு முன் ஓட்டியதைவிடக் குறைவு.

இரண்டாவது தேர்வு

தேறினார். பிழையே இல்லாமல் இல்லை. ஒரு சந்திப்பில் போக இடமிருந்தும் அதிக நேரம் காத்திருந்தார், பாதை மாறும்போது ஒரு இடத்தில் கண்ணாடியைத் தாமதமாகப் பார்த்தார். இரண்டும் சிறு பிழையாகத்தான் தாளில் இருந்தன. ரிவர்ஸில் ஒருமுறை முன்னே எடுத்தார், அனுமதிக்குள்.

நான் தாளில் முதலில் தேடியது இடது திருப்பத்தை. அந்த இடம் காலியாக இருந்தது. என்ன நடந்தது என்று அவரிடம் கேட்டேன். திருப்பத்தின் நடுவில் கண்ணாடியில் பார்த்தபோது பின் சக்கரத்துக்கும் ஓரக்கல்லுக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் இருந்ததாம். நின்றிருக்கிறார். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேர் பண்ணி, ஒரு மீட்டர் முன்னே விட்டு, சக்கரம் தாண்டியதைப் பார்த்துவிட்டு மறுபடி ஒடித்திருக்கிறார். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்ததாம். "அடிக்கட்டும்னு விட்டுட்டேன் மாஸ்டர்" என்றார்.

லைசென்ஸ் வந்து மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார். முதல் தடவை தனியாகப் பாரம் ஏற்றிப் போயிருக்கிறார். இறக்க வேண்டிய இடம் ஒரு சந்துக்குள், ரிவர்ஸில்தான் போக முடியும். கூட ஆள் இல்லை. இரண்டு தடவை இறங்கி நடந்து பார்த்ததாகச் சொன்னார். இரண்டாவது தடவை இறங்கியபோது, முதலில் பார்த்தபோது இல்லாத ஒரு மோட்டார் சைக்கிள் வண்டிக்கு நேர் பின்னால் நின்றிருந்தது. சாவியோடு ஆளைத் தேடிப் பிடிக்கப் பத்து நிமிடம் ஆனதாம்.